அப்பா கையெழுத்துப் போடும் முன்

பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓர் ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 70 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையிலும், பிறகு கங்காணியாகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இரவில் நான்கைந்து தடவை டோர்ச்சை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் இருக்கும் கழிவறைக்குப் போய் வருகிறார். நீர் தாராளமாகப் போக டவுனில் தனியார் டொக்டர் ஒருவர் கொடுத்த குளிசைகளை விடாமல் குடித்து வருகிறார்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி புரொஸ்டேட். அது விடும் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை அண்மையில் எடுத்தபோது 9.2 வந்தது. புரொஸ்டேட்டில் ஊசி குத்திச் சதை எடுக்கும் பயொப்சியில், 12 துண்டுகளில் 5இல் புற்றுநோய்; நோயின் மூர்க்கத்தைக் காட்டும் கிளீசன் எண் 3+4=7. அப்பாவிடம் "நீர்க்குழாயில வீக்கம்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் தம்பி, அம்மாவின் நகையை அடகு வைத்தாவது தனியார் ஆஸ்பத்திரியில் உடனே ஒபரேஷன் செய்து கட்டியை எடுத்துவிட வேண்டும் என்று நிற்கிறார். கட்டாரில் இருக்கும் இளைய தம்பியோ, ஊசி குத்தியதாலேயே நோய் பரவியிருக்கும், இனிக் கத்தியே படக்கூடாது என்கிறார். மாமா கட்டு அனோதா (முள் சீத்தா) இலையை அவித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். பக்கத்து லயத்தில் புரொஸ்டேட் புற்றுநோய் வந்த ஒருவருக்கு விதையை (விரையை) எடுத்தார்கள், ஆறு வருஷமாக நன்றாக இருக்கிறார், அதையே கேட்டுப் பார்ப்போமா என்பது அம்மாவின் யோசனை. கடிதத்தின் கடைசி வரி இது: "டொக்டர் ஐயா, அப்பாவுக்குத் தெரியாம எந்த வைத்தியத்த செய்யலாம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாமல் செய்யக்கூடிய நல்ல வைத்தியம் எதுவும் இதில் இல்லை. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன் உங்கள் மனதில் இருக்கும் பதற்றத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். நீங்கள் எழுதியனுப்பிய அறிக்கையில் இருப்பது நாளைக்கே ஒபரேஷன் மேசையில் ஏற்ற வேண்டிய நோயல்ல. இந்த வகைப் புரொஸ்டேட் புற்றுநோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நகர்கிற ஒன்று. ஸ்கேன்களை முடித்து, இரண்டு டொக்டர்களிடம் பேசி, குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கச் சில வாரங்கள் எடுத்துக்கொண்டால் அப்பாவுக்கு நட்டம் ஒன்றும் வராது. நகையை இந்தக் கிழமை அடகு வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

அந்த 9.2 உண்மையில் 9.2தானா?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்பா குடிக்கும் மருந்துகளின் பெயர்களைப் பெட்டியைப் பார்த்து வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் செய்ததற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மெட்ஃபோமின், அஸ்பிரின், குளோபிடோகிரெல், டாம்சுலோசின், அடுத்து ஃபினஸ்டரைட், "ஒன்றேகால் வருஷமாக". அந்த இடத்தில்தான் நான் நின்றேன்.

ஃபினஸ்டரைட் வீங்கிய புரொஸ்டேட்டைச் சுருக்கும் குளிசை. நல்ல மருந்துதான். ஆனால் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தொடர்ந்து குடித்தவரின் பி.எஸ்.ஏ. அளவை அது ஏறக்குறையப் பாதியாக்கிவிடும். ஆகவே அப்பாவின் 9.2 என்பதை நாங்கள் இரண்டால் பெருக்கி, 18க்குக் கிட்ட என்றுதான் படிக்க வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். சிகிச்சையின் பாதையே இதில்தான் பிரிகிறது.

நோய் சுரப்பிக்குள்ளேயே இருக்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து அதன் வேகத்தைக் கணிக்கிறோம்: பி.எஸ்.ஏ. அளவு, கிளீசன் எண், விரலால் பரிசோதிக்கும்போது கையில் படுவது. பி.எஸ்.ஏ. 10க்குக் கீழே, கிளீசன் 6 என்றால் மெதுவான நோய். பி.எஸ்.ஏ. 10 முதல் 20 வரை, அல்லது கிளீசன் 7 என்றால் நடுத்தரம். 20க்கு மேலே, அல்லது கிளீசன் 8, 9, 10 என்றால் வேகமானது. அப்பாவின் கிளீசன் 3+4, அதாவது பெரும்பகுதி சாதுவான 3, கொஞ்சம் 4. பி.எஸ்.ஏ. உண்மையிலேயே 9 ஆக இருந்தால், நடுத்தரத்திலும் நல்ல பக்கம். சிகிச்சை இல்லாமல் கண்காணித்து வரலாமா என்றுகூட ஒரு டொக்டர் பேசுவார். 18 என்றால் நடுத்தரத்தின் கனமான பக்கம். அப்போது கண்காணிப்பை நான் முன்னுக்கு வைக்க மாட்டேன். எலும்பு ஸ்கேனும், இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனும் எடுக்காமல் முடிவு செய்யவும் மாட்டேன்.

உங்களைப் பார்த்த கிளினிக் டொக்டருக்கு இந்தக் குளிசை பற்றித் தெரியுமா? தனியாரில் வாங்கிய மருந்து அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியில் ஏறியிருக்காது. சொன்னால்தான் தெரியும்.

கையில் இருக்கும் வழிகள்

இளைய தம்பியின் பயத்துக்கு ஒரு வார்த்தை. பயொப்சி ஊசியால் இந்த நோய் உடம்பெல்லாம் பரவுவதில்லை. ஊசி குத்திய பிறகு சில நாட்கள் நீரில் இரத்தம் வந்ததைப் பார்த்து அவர் பயந்திருப்பார்; அது வழமையானது. அந்த ஊசி இல்லாவிட்டால் கிளீசன் எண் இல்லை, கிளீசன் எண் இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் இருட்டில்தான் நிற்போம்.

கொழும்புத் தம்பி சொல்லும் ஒபரேஷன் உண்மையான, மதிப்புள்ள சிகிச்சை. புரொஸ்டேட்டை முழுதாக எடுத்து, சிறுநீர்ப்பையையும் நீர்க்குழாயையும் மறுபடி இணைப்பது. "எடுத்துவிட்டால் முடிந்தது, கரண்ட் பிடித்தால் (கதிர்வீச்சுக் கொடுத்தால்) உள்ளேயே இருக்கும்" என்ற அவருடைய கணக்கில்தான் பிழை. இங்கிலாந்தில் 50 முதல் 69 வயது வரையான 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஒபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பதினைந்து வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வெளியான முடிவில், மூன்று குழுவிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 3 பேர். கண்காணிப்பில் இருந்தவர்களிடம் நோய் வேறு இடத்துக்குப் பரவியது 9.4 வீதம், ஒபரேஷனில் 4.7, கதிர்வீச்சில் 5.0. அந்த ஆய்வில் இருந்த பெரும்பாலானோரின் நோய் அப்பாவின் நோயை விடச் சாதுவானது, அதனால் அந்த 3 என்ற எண்ணை அப்படியே தூக்கி அப்பாவுக்குப் போட முடியாது. ஆனால் ஒபரேஷனும் கதிர்வீச்சும் உயிரைக் காப்பதில் தோளோடு தோள் நிற்பவை என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. வித்தியாசம் பக்க விளைவுகளில் இருக்கிறது.

ஒபரேஷனுக்குப் பிறகு ஒன்றிரண்டு கிழமை நீர் வெளியேற ஒரு குழாய் போட்டிருக்க வேண்டும். குழாயை எடுத்ததும் இருமினால், தும்மினால், மேடு ஏறினால் நீர் கசியும். அதே ஆய்வில், ஆறு மாதத்தில் 46 வீதமானோர் பேட் கட்ட வேண்டியிருந்தது. ஆறு வருஷத்தில் அது 17 வீதமாகக் குறைந்தது. உங்கள் லயத்தை நினைத்துப் பாருங்கள். கழிவறைக்குப் படி இறங்க வேண்டும், மார்கழிக் குளிரில் நனைந்த துணி காயாது, பேட் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். சமாளிக்க முடியாதது என்று நான் சொல்லவில்லை, சமாளித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆண்மைக் குறைவு ஒபரேஷனுக்குப் பிறகு உடனே வரும். கதிர்வீச்சில் மெதுவாக வரும். இதை அம்மா கேட்க மாட்டார், நீங்களும் கேட்க மாட்டீர்கள். அப்பாவிடம் ஓர் ஆண் டொக்டரோ தாதியோ தனியாகப் பேசட்டும்.

அப்பாவின் இதயத்தையும் மறக்கக்கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை (அஸ்பிரின், குளோபிடோகிரெல்) குடிக்கிறார். பெரிய ஒபரேஷன் என்றால் அதை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று இதய டொக்டர்தான் சொல்ல வேண்டும். யார் சொன்னாலும் வீட்டில் நீங்களாக அந்தக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள்.

கதிர்வீச்சைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான்: "கரண்ட் பிடிச்சா உடம்பு கருகிடும்னு சொல்றாங்க." கருகாது. இன்று பயன்படுத்தும் இயந்திரங்கள் புரொஸ்டேட்டைக் குறி வைத்தே கதிரை அனுப்புகின்றன. படுத்திருக்கும் சில நிமிஷங்களில் வலியும் இல்லை, சூடும் இல்லை. சிகிச்சை நடக்கும் வாரங்களில் அடிக்கடி நீர் போகும், எரியும், வயிறு இளகும், களைப்பு வரும். சிலருக்கு வருஷம் கழித்து மலத்தில் இரத்தம் தெரியலாம். அப்பாவின் நிலைக்குக் கதிர்வீச்சோடு, ஆண் ஹோர்மோனை நிறுத்தும் ஹோர்மோன் ஊசியும் நான்கு முதல் ஆறு மாதம் வரை சேர்த்துக் கொடுப்பது வழக்கம்.

இதில் உங்களுக்குக் கஷ்டம் வரப்போவது தூரத்தில். கண்டி தேசிய வைத்தியசாலையில் கதிர்வீச்சு இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை. ஆனால் கிழமையில் ஐந்து நாள், 20 தடவை என்றால் நான்கு கிழமை. பழைய முறையில் 39 தடவை என்றால் ஏறக்குறைய எட்டுக் கிழமை. ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அளவாகத் தண்ணீர் குடித்து, அடக்கி வைத்துக்கொண்டு மேசையில் ஏற வேண்டும், அப்போதுதான் பை மேலே விலகி நிற்கும். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் தினமும் போய் வந்து 70 வயதுக்காரரால் அதைச் செய்ய முடியாது. கண்டியிலோ பேராதனையிலோ தங்க ஒரு சொந்தக்கார வீடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் வாட்டில் தங்கிச் சிகிச்சை பெற முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் கேட்கும் கேள்விதான் இது. தம்பி ஒபரேஷனுக்கென்று திரட்டும் காசில் ஒரு பகுதி இந்தத் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போனால் அது நல்ல செலவு.

இன்னொன்று, நீர் கழிக்க அப்பா ஏற்கெனவே சிரமப்படுகிறார். அடைப்பு அதிகமென்றால் கதிர்வீச்சு அதைக் கூட்டும். நீர் போகும் வேகத்தையும், போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதையும் முதலில் அளக்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் குழாய் வழியாக உள்ளே போய் அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆறிய பிறகு கதிர்வீச்சுக்குப் போவார்கள். அந்தச் சுரண்டலைப் புற்றுநோய்க்கான ஒபரேஷன் என்று எண்ணிக் கிளினிக்கை விட்டவர்கள் உண்டு. அது பாதையைத் திறப்பது மட்டும்தான்.

நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனாலும் என் மனச்சாய்வைக் கேட்டால், ஸ்டென்ட், சீனி, வயது மூன்றையும் வைத்துப் பார்க்கையில், ஸ்கேனில் நோய் வெளியே போகவில்லை என்றால் கதிர்வீச்சின் பக்கம்தான் சாய்வேன். ஹோர்மோன் ஊசி சீனியையும் ஏற்றும், இதயத்துக்கும் சுமை. அதனால் அது தேவையா, எத்தனை மாதம் என்பதைப் புற்றுநோய் டொக்டரும் இதய டொக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒபரேஷன் செய்பவரைப் போலவே கதிர்வீச்சு கொடுப்பவரையும் அப்பா ஒரு தடவை நேரில் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

அம்மா சொன்ன பக்கத்து லயத்துக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். புரொஸ்டேட் புற்றுநோய் ஆண் ஹோர்மோனைத் தின்று வளர்வது. அதை நிறுத்தினால் நோய் வாடும் என்று சார்ள்ஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டினார், 1966இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. விதையை எடுப்பது இந்த ஹோர்மோனை ஒரே நாளில் நிறுத்தும் வழி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் அதையே செய்யும். நோய் எலும்புக்குப் போனவர்களுக்கு இது முதுகெலும்பு போன்ற சிகிச்சை. அந்த ஐயாவுக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் சுரப்பிக்குள் நிற்கும் நோய்க்கு இதை மட்டும் செய்தால் நோய் அடங்கியிருக்கும், அழியாது. எடுத்ததைத் திருப்பி வைக்கவும் முடியாது. எலும்பு தேயும், தசை இளைக்கும், உடம்பு திடீரென்று சுடும். அப்பாவின் ஸ்கேனில் எலும்பில் நோய் தெரிந்தால் அப்போது ஊசியா, விதையை எடுப்பதா, கூட என்ன மருந்து என்று பேசலாம். அந்த நிலையிலும் வருஷக்கணக்கில் வாழ வைக்கும் மருந்துகள் இன்று இருக்கின்றன.

கட்டு அனோதா இலை புரொஸ்டேட் புற்றுநோயைக் குணமாக்கியதாக மனிதரில் நிரூபணம் எதுவும் இல்லை. சீனிக்கும் இதயத்துக்கும் மருந்து எடுப்பவருக்குத் தினமும் கஷாயம் கொடுப்பதை நான் விரும்பவில்லை. மாமாவின் அன்பு எனக்குப் புரிகிறது. அவரைக் கிளினிக்குக்கு ஒரு நாள் துணையாக வரச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு ஏன் சொல்ல வேண்டும்

பல வருஷத்துக்கு முன், வேறோர் ஊரில் சிகிச்சை முடித்து என் கிளினிக்குக்கு வந்த ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. மகன்மார் இருவர் பக்கத்தில் நின்று, நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர்களே பதில் சொன்னார்கள். பரிசோதிக்கத் திரையை இழுத்த பிறகுதான் பெரியவர் வாய் திறந்தார். "ஐயா, என்னோடதுல என்னத்த வெட்டுனாங்க?" சிங்களத்தில் இருந்த படிவத்தில் பெருவிரலை வைத்திருக்கிறார். என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. மகன்மார் கெட்டவர்கள் இல்லை. உங்களைப் போலவே அப்பா பயந்துவிடுவார் என்று பயந்தவர்கள்.

சுயநினைவோடு இருக்கும் வளர்ந்த ஒருவருக்காக மனைவியோ பிள்ளைகளோ சம்மதம் கொடுக்க முடியாது. சம்மதம் அவருடையது. அவருக்கு விளங்கும் மொழியில் விளக்கம் கேட்பதும் அவருடைய உரிமை. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ வந்து வரிக்கு வரி சொல்லும் வரை கையெழுத்தை நிறுத்தி வைக்கலாம். அதனால் யாரும் கோபித்துச் சிகிச்சையை மறுக்க முடியாது.

இன்னும் யோசியுங்கள். புற்றுநோய்ப் பிரிவின் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் அப்பா உள்ளே போக வேண்டும். அவர் வாசிக்கத் தெரிந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பலகை சொல்வதை விட நீங்கள் சொல்வது மேல். இரவில் வேண்டாம். பகலில், அம்மாவும் இருக்கும்போது, "அப்பா, அந்த டெஸ்ட்டுல வீக்கம் மட்டும் இல்ல, கொஞ்சம் புத்துநோயும் இருக்காம். வைத்தியம் இருக்கு. என்ன செய்யலாம்னு ஒங்களையும் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லுங்கள். "எனக்கு விபரம் வேணாம், நீயே பாத்துக்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், அதற்குக் கட்டுப்படலாம். ஆட்களைக் கட்டி வேலை வாங்கிய கங்காணி, தன் உடம்பைப் பற்றிய பேச்சைத் தாங்குவார்.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. அப்பாவுக்குப் பழைய முதுகுவலி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள்; அது தோட்ட வேலையால் வந்ததாகவே இருக்கலாம். எலும்பு ஸ்கேன் அதைச் சொல்லும். ஆனால் முதுகுவலியோடு கால் மரத்தாலோ, தள்ளாடினாலோ, நீர் அடியோடு நின்றாலோ, கிளினிக் திகதி வரும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தம்பிமார் இருவரும் 45 வயதானதும் தங்கள் டொக்டரிடம் பி.எஸ்.ஏ. பற்றிப் பேச வேண்டும். அப்பாவுக்கு வந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அடுத்த கிளினிக் 18ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். கொப்பி, பயொப்சி அறிக்கை, ஃபினஸ்டரைட் பெட்டி மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். டொக்டருக்கு முன்னால் இருக்கும் கதிரையில் அப்பா உட்காரட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ளுங்கள்.